கொதிநீரில் போட்ட காலுறை

எமில் சோபோட்காவின் எச்சில் எந்த நேரத்தில் எந்த நிறமாக இருக்கும் என்பதை அநெஷ்கா வோந்த்ராவைப் போல அறிந்தவர் கார்லிஸ் நகரத்தில் வேறு எவரும் இல்லை. பேஸ்பால் ஆட்டம் தொடங்கும்போது அது வெளிறிய பழுப்பு. நடுப்பகுதியில் காய்ச்சிய வெல்லப்பாகைப் போலக் கறுத்துவிடும். முடியும் தறுவாயில் அவன் பழைய புகையிலை உருண்டையைத் துப்பிவிட்டுப் புதியதை அதக்கிக்கொள்வான். ஆகவே சட்டையின் மார்பில் மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். களிமண்ணை உலரவிட்டுத் தூரிகையால் தட்டியும், இரத்தத்தை உப்பிட்ட குளிர்நீரில் ஊறவைத்தும், புல்லின் பச்சையைச் சாராயத்தால் துடைத்தும் நீக்கிவிடலாம். இன்னொருவர் வாயிலிருந்து வந்த அந்தச் சாற்றை மட்டும் கைவிரலால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். எட்டு ஆண்டுகளாக வாரத்தில் ஆறு நாள் அவள் அதைச் செய்தாள். ஒரு நாளும் முகத்தைச் சுளிக்காமல் செய்ததில்லை.

துப்பியவன் சாமானியன் அல்லன். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே ஷார்ட்ஸ்டாப்பாக நிற்பவர்களில் அவனுக்கு ஈடான ஆட்டக்காரன் அயோவா மாநிலம் முழுவதிலும் இல்லை என்று எதிரணிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அவனுடைய தந்தை இறைச்சிக் கூடத்தில் பன்றிக் குடல் அலசியவர். அவனும் பதினைந்து வயதில் அங்கேயே சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தின் அணிக்காக ஆடி, பத்தொன்பதாம் வயதில் நகரத்தின் பேஸ்பால் அணியான மில்லர்ஸ் கழகத்துக்குள் நுழைந்தான். தரையில் எகிறித் தாறுமாறாக வரும் பந்தை அவன் கை வாங்கிக்கொள்ளும் விதம், பால் பாத்திரத்தின்மேல் ஓசையில்லாமல் மூடியை வைப்பது போல இருக்கும். வலப்புறம் ஓடிச் சென்று, உடல் வெளிப்பக்கம் சாயும்போதே அவன் எறிகிற பந்து ஒரு நூல் பிசகாமல் முதல் தளத்துக்குப் போய்ச் சேரும். சலவை அறையின் சன்னல் மூன்றாம் தளத்தை நோக்கியிருந்தது. அதன் வழியாக அதைக் காணும்போதெல்லாம் அநெஷ்காவின் கைகள் தொட்டியிலேயே நின்றுவிடும். இவ்வளவு சுத்தமாக ஆடத் தெரிந்தவனுக்குச் சுத்தமாக இருக்கத் தெரியாமற்போனது ஏன் என்பதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை.

அவள் கணவன் வாத்ஸ்லாவும் அதே இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவன். ஒரு சிறு பன்றியெலும்பு அவனுடைய கட்டைவிரலைக் குத்தியது. மூன்றாம் நாள் கை வீங்கிற்று; ஐந்தாம் நாள் சிவந்த கோடு ஒன்று முழங்கையைத் தாண்டி ஏறிற்று; எட்டாம் நாள் அவன் இல்லை. அந்த எட்டு நாளும் படுக்கையறையில் நின்ற வாடையைச் சோடா உப்பால் கழுவியும், சன்னல்களைத் திறந்துபோட்டும் அவளால் போக்க முடியவில்லை. அதன்பின் கழகத்தின் சலவை அறைக்கு வந்தவள், அழுக்கை ஓர் எதிரியாகவே கருதினாள். தேவாலயத்தின் பீடத்துணிகளையும், ஓட்டலின் மேசை விரிப்புகளையும் அவளிடமே கொடுத்தார்கள். "அநெஷ்கா துவச்சது" என்று கடைத்தெருவில் சொன்னால் அதற்குமேல் ஒருவரும் எதையும் விசாரிக்க மாட்டார்கள். எட்டு ஆண்டுகளில் ஒரு துணியும் அவள் கையில் சாயம் போனதில்லை. ஒரு கம்பளியும் சுருங்கியதில்லை. கணவனும் பிள்ளைகளும் இல்லாத அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றே.

1934ஆம் ஆண்டின் கோடையில் மழையே இல்லை. சோளம் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. அந்த வெயிலில்தான் எமில் ஓர் ஆட்டமும் விடாமல், ஒவ்வொன்றிலும் ஒரு முறையேனும் பந்தை அடித்துத் தளத்தை எட்டத் தொடங்கினான். ஏழாவது ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில், தன்னுடைய வெள்ளை உட்காலுறை இரண்டையும் விரல்நுனியில் தூக்கிக்கொண்டு சலவை அறைக்கு வந்தான்.

"அத்தை, இந்த ரெண்ட மட்டும் தொடாதீங்க. ஆணியில மாட்டிடுங்க, போதும்."

"எத்தன நாளைக்கு?"

"அதெல்லாம் வாயால சொல்லக் கூடாது."

ஆட்டக்காரர்களிடையே இருந்த வழக்கம் அது. தொடர்ந்து அடிக்கிறவன் அந்த அதிர்ஷ்டம் தங்கியிருக்கும் துணியைத் துவைக்க மாட்டான். அவனருகில் எவரும் அந்த எண்ணிக்கையை உச்சரிக்கவும் மாட்டார்கள். மேலே அணியும் நீலக் காலுறையின் சாயம், பூட்சின் இரும்பு முட்கள் கிழித்த காயத்தில் இறங்கி நஞ்சாகிவிடும் என்று அஞ்சித்தான் உள்ளே வெள்ளைக் காலுறை அணிந்தார்கள். சுத்தத்துக்காகவே பிறந்த உடுப்பு அது. மற்றவர்கள் பருத்தியில் அணிந்தார்கள். எமிலுடையதை அவனுடைய தாய் வெள்ளைக் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்திருந்தாள். அந்த வெள்ளை பத்தாவது ஆட்டத்தில் சாம்பல் நிறமாயிற்று. இருபதாவது ஆட்டத்தில் நிறம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வெளியூர்களுக்கு ஒரு காகிதப் பையில் போய்த் திரும்பிய அவை, இருபத்தைந்தாவது ஆட்டத்துக்குப்பின் ஆணியில் தொங்கவிட்டாலும் மடியாமல், பாதத்தின் வடிவத்திலேயே விறைத்து நின்றன. அநெஷ்கா தன் மதிய உணவைச் சலவை அறையில் உண்பதை நிறுத்திவிட்டாள்.

இப்படித் தொடர்ந்து அடித்ததில் கழகத்தின் சாதனை முப்பத்தேழு ஆட்டங்கள். நகரத்துக்கு வேறு பேச்சே இல்லை. அந்த எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது என்பதால் அதையும் சாடைமாடையாகவே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார் பொறுமையைப் பற்றிச் சொல்லும்போது அவள் பக்கமாகப் பார்த்தார். ரொட்டிக்கடை பிளாஹா ஒரு காலையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கோவிலுக்குள் வருகிறவனைப் போலச் சலவை அறைக்குள் வந்தான். அந்தக் காலுறைகளை ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னான்.

"பிளாஹா, அந்தக் கையாலதான நீ மாவு பிசையற?"

"கழுவிட்டுத்தான் பிசைவேன்." அவன் சற்று யோசித்தான். "இல்ல, கழுவக் கூடாது. கழுவினா அது போயிடும்."

தொட்டுவிட்டு, அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனான். அன்று முதல் அவள் அவனிடம் ரொட்டி வாங்கவில்லை, வீட்டிலேயே சுட்டுக்கொண்டாள்.

முப்பத்தொன்றாவது ஆட்டத்தில் எதிரணி ஆள் ஒருவன், இரண்டாம் தளத்துக்குள் சறுக்கி வந்தபோது காலை உயர்த்தினான். பூட்சின் முட்கள் எமிலின் முன்னங்காலை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்தன. எமில் வாயிலிருந்த புகையிலை உருண்டையை எடுத்துக் காயத்தில் அப்பி, கைக்குட்டையால் கட்டி, காலுறைகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். மேடைகளில் இருந்த நாலாயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சன்னலருகே நின்ற அநெஷ்கா அதை இழுத்துச் சாத்தினாள்.

மறுநாள் காலுறையில் இரத்தமும் புகையிலையும் இருந்தன. அதற்கடுத்த நாள் அவற்றின் ஓரத்தில் மஞ்சள் வளையம் ஒன்று தோன்றியது. மூன்றாம் நாள் அந்த வளையம் பச்சையாகி, ஈக்கள் மற்றெல்லா உடுப்புகளையும் விட்டுவிட்டு அந்த ஆணியையே சுற்றின. அநெஷ்கா மூச்சை அடக்கிக்கொண்டு அருகில் சென்று, பிறகு வேண்டுமென்றே ஒரு முறை மூச்சை இழுத்தாள். எட்டு ஆண்டுகள் ஒன்றுமில்லாமற் போயின. வாத்ஸ்லாவின் படுக்கையறை அது, ஐந்தாம் நாள்.

நேராக மானேஜர் கூகனிடம் போனாள். கூகன் மரியாதை தெரிந்த மனிதர்; அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தாம் நின்றுகொண்டே கேட்டார். கிழக்கேயிருந்து ஒரு பெரிய கழகத்தின் ஆள், எமிலைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க வியாழக்கிழமை வருகிறார் என்றும், முப்பத்தொரு வயதுக்காரனுக்கு இது கடைசி வாய்ப்பு என்றும், அன்று அடித்தால் சாதனை சமன் ஆகிவிடும் என்றும், எண்ணிக்கையை உச்சரிக்காமலே விளக்கினார்.

"வியாழன் வெள்ளி ரெண்டு ஆட்டம் போகட்டும், மிஸஸ் வோந்த்ரா. அப்புறம் நீங்க அத எரிச்சாலும் நான் கேக்க மாட்டேன்."

"அதுக்குள்ள அவன் காலே இருக்காது."

"காலப் பத்தி உங்களுக்கென்ன? உங்க வேலை தொட்டியோட முடிஞ்சிடுது."

கழகத்தின் மருத்துவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்பவர். அவரிடமும் சொன்னாள். சோபோட்கா காலைக் காட்ட மறுக்கிறான், சிராய்ப்புதான் என்கிறான், காட்டாத காலுக்கு நான் என்ன செய்வது என்று அவர் கையை விரித்தார். கடைசியாக எமிலையே வழிமறித்தாள். அவன் கன்னங்கள் சிவந்து, கண்கள் காய்ச்சல்காரனுடைய கண்களைப் போல மின்னின.

"கால காட்டு."

"பொம்பளைங்க பாக்கற எடமா அத்தை இது?" என்று சிரித்தான். "வெயிலு. வேற ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழம சாயங்காலம் நானே உங்க தொட்டியில குதிக்கறேன், சோப்பு போட்டுத் தேய்ங்க."

சிரித்துக்கொண்டே அவள் துடைத்து வைத்திருந்த வாசற்படியில் துப்பிவிட்டுப் போனான். போகும்போது இடக்காலை ஊன்றாமல், நொண்டுவது தெரியாதபடி மெல்ல நடந்தான்.

வியாழக்கிழமை காலையில் அநெஷ்கா அந்த ஆணியின் முன் நெடுநேரம் நின்றாள். காலுறைகளை எரித்துவிடலாம், எரித்தால், திருட்டுப் போய்விட்டது என்று புலம்பிவிட்டு வேறொன்றை இழுத்து மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவான். முறைப்படி துவைத்தாலும் அப்படியே. கொஞ்சம் கத்துவான், பிறகு அணிந்துகொள்வான். கால் மறைந்தே இருக்கும். அது பத்துப் பேர் கண்ணில் படவேண்டுமானால், கண் முன்னால் இருந்தும் காலில் ஏறாத காலுறை ஒன்று வேண்டும். அவை இருக்கும்வரை எமில் அவற்றை விட மாட்டான். ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதை எப்படிச் செய்வது என்பதை நகரத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஏனெனில் அதைச் செய்யாமலிருப்பதுதான் அவளுடைய தொழில்.

கம்பளியை வெதுவெதுப்பான நீரில் மட்டுமே நனைக்க வேண்டும். அவள் கொப்பரையைக் கொதிக்கவிட்டாள். கம்பளிக்குச் சலவைச் சோடாவின் காரம் ஆகாது. அவள் காரத்தை அள்ளிப் போட்டாள். தேய்க்கக் கூடாது, பலகையில் வைத்து விரல் மூட்டுகள் சிவக்கும்வரை தேய்த்தாள். சூடு ஆறாமல் குளிர்நீரில் போடக் கூடாது, போட்டாள். ஒவ்வொரு முறையும் கை தானாகவே பின்வாங்கியது. கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அதைச் செய்தாள். முடிவில் அவள் கையில் இருந்தவை, நடைபழகும் குழந்தைக்குப் பொருந்துகிற, அட்டை போலத் தடித்த இரண்டு சிறு காலுறைகள். பளிச்சென்று வெளுத்திருந்தன. அவற்றை உலர்த்தி, எமிலின் ஆணியிலேயே மாட்டினாள்.

பிற்பகலில் அவள் துண்டுகளை அடுக்கும் சாக்கில் உடைமாற்றும் அறையின் வாசலில் நின்றாள். எமில் ஆணியைப் பார்த்தான். அறையில் இருந்த இருபது ஆண்களும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"யாரு?" என்றான்.

"நான்தான்" என்றாள் அநெஷ்கா.

கூகன் காலுறை ஒன்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"கம்பளிய கொதிக்க வச்சீங்களா?"

அவள் துண்டுகளை அடுக்கினாள். எமில் பெஞ்சில் அமர்ந்து இடக்காலில் அதை ஏற்ற முயன்றான். குதிகாலோடு நின்றுவிட்டது. இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் முன்னங்காலின் கட்டு நழுவிக் கீழே விழுந்தது. முழங்கால்வரை கால் ஊதிப் பளபளத்து, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது; நடுவில் புகையிலைச் சக்கையும் சீழும் ஒன்றாகக் குழைந்திருந்தன; அங்கிருந்து சிவந்த கோடு ஒன்று தொடைமேல் ஏறிக்கொண்டிருந்தது. இழுத்தவர்களில் ஒருவன் வெளியே ஓடிச் சுவரோரம் வாந்தி எடுத்தான். இன்னொருவன் யாரும் சொல்லாமலே மருத்துவரை அழைக்கப் போனான்.

மருத்துவர் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். வண்டியை வரச் சொன்னார். ஒரே ஒரு முறை மட்டை பிடித்துவிட்டுப் போகட்டும் என்று கூகன் கேட்டபோது, அங்கிருந்த எவரும் வெட்கப்படவில்லை. தடுத்தவன் எமில்தான். சுருங்கிய காலுறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இது இல்லாம நான் எறங்க மாட்டேன்" என்றான். அவனைக் கொல்லப் பார்த்த பித்தே அந்தப் பொழுதில் அவனைக் காத்தது என்பது அநெஷ்காவுக்கு ஆறுதலாக இல்லை, அருவருப்பாகவே இருந்தது.

இரண்டு இடங்களில் கீறிச் சீழை எடுத்தார்கள். கால் தப்பிற்று. ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே அவனால் அடிக்க இயலவில்லை. எண்ணிக்கை முப்பத்தாறோடு நின்றது.

அநெஷ்காவை அந்த வியாழக்கிழமையே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அறையில் கண்டதை வெளியே பேசக் கூடாது என்று கூகன் எல்லார் வாயையும் அடைத்தார். செய்தித்தாள் காயத்தைச் 'சிறு சிராய்ப்பு' என்றும், காலுறையை 'ஒரு சலவைக்காரியின் அறியாமை' என்றும் எழுதிற்று. ஓட்டல் தன் விரிப்புகளைத் திருப்பி வாங்கிக்கொண்டது. பீடத்துணிகளை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். அவள் வீட்டுக் கதவில் யாரோ பொம்மைக் காலுறைகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். பிளாஹா தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "அநெஷ்கா, என் கோட்டு தொளதொளன்னு இருக்கு. ஒரு தடவ துவச்சுக் குடேன்" என்றான்.

எமில் மருத்துவமனையிலிருந்து சொல்லியனுப்பினான். போனாள். கட்டிலருகே எச்சில் துப்பும் பாத்திரம் பாதி நிறைந்து திறந்து கிடந்தது.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தா தொடையோட எடுத்திருப்பாங்களாம், அத்தை. டாக்டர் சொன்னாரு."

அவள் அமர்ந்தாள்.

"கம்பளி சுருங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவன் கூரைப்பக்கம் பார்வையைத் திருப்பினான். பிறகு தாழ்ந்த குரலில் பேசினான். கிழக்குக் கழகம் இன்னும் தன்னைக் கைவிடவில்லை. சிராய்ப்புதான் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. கால் அழுகியது தெரிந்தால் எவனும் சீண்ட மாட்டான்.

"நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னா, ஏன் செஞ்சீங்கன்னு கேப்பாங்க. தெரியாம செஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டுமே, அத்தை."

தன் பெயரைத் தன்னிடமே கடன் கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. திருப்பித் தரப்போவதில்லை என்பதும் புரிந்தது. காலைச் சாவிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தாயிற்று, அதை வைத்துப் பிழைக்கட்டும் என்று எண்ணினாள்.

"சரி" என்று எழுந்தாள். "அந்தப் பாத்திரத்த மூடி வை. ஈ மொய்க்குது."

எமில் கிழக்கே போய், பதின்மூன்று ஆண்டுகள் பெரிய கழகங்களில் ஆடினான். வலப்புறம் ஓடிச் சாய்ந்தபடியே எறியும் அவனுடைய படம் நாள்காட்டிகளில் வந்தது. அநெஷ்கா இறைச்சிக் கூடத்தின் மேலங்கிகளைத் துவைத்தாள். கொழுப்பும் இரத்தமும் ஊறிய அந்த உடுப்புகளுக்குத் துவைக்கிறவளின் பெயர் தேவைப்படவில்லை.

1947ஆம் ஆண்டு கார்லிஸ் மைதானத்தில் அவனுக்கு விடை கொடுக்கும் விழா எடுத்து, வெண்கலப் பலகை ஒன்றையும் சுவரில் பதித்தார்கள். அவளுக்கு ஓர் அழைப்புச்சீட்டு வந்தது. அவன் இரண்டு காலாலும் நடக்கிறானா என்று பார்ப்பதற்காகத்தான் போனாள். நடந்தான், பழைய ஆட்ட உடுப்பில் நேராக நடந்தான். ஒலிபெருக்கியின் முன்னால் வந்து, பக்கவாட்டில் துப்பிவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேசினான். தன் வாழ்வில் எந்தப் பந்துவீச்சாளனும் தன்னை நிறுத்தியதில்லை என்றான்.

"நிறுத்தினது ஒரே ஒருத்தங்கதான். நம்ம அநெஷ்கா அத்தை. என் சாதனைய கொப்பரையில போட்டுக் கொதிக்க வச்சுட்டாங்க."

மைதானமே குலுங்கிச் சிரித்தது. அவன் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி அவளைக் கண்டன. கண்டவுடன் தன் பூட்சின்மேல் தாழ்ந்தன.

அடுத்த இருக்கையில் இருந்த பிளாஹா கண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்பு அடங்கியபின், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தான்.

"இத்தன வருஷமா கேக்கணும்னு இருந்தேன். நெசமாவே ஒனக்குத் தெரியாதா, அநெஷ்கா?"

அவள் எமிலின் கால்களை உற்றுப் பார்த்தாள். நீலக் காலுறையின் கீழே வெள்ளைப் பட்டை தெரிந்தது.

"சரியா அலசல" என்றாள். "பாரு, கணுக்கால்கிட்ட சோப்பு மஞ்சளா நிக்குது."